கதவு தானாகத் திறக்காது

கேள்வி: மகள் அக்டோபரில் ஜெர்மனியின் மியூனிக்கில் முதுகலை படிக்கப் போகிறாள். எம்ஆர்டி ரயில், பேருந்து தவிர வேறெதிலும் தனியாகப் போய்ப் பழக்கமில்லை. எப்படிச் சமாளிப்பாள்? பயண அட்டையை இங்கேயே வாங்கிக் கொடுத்து அனுப்பவா?
- ஒரு தாய், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: எம்ஆர்டியில் பழகியதுதான் அக்கா சிக்கலே! ஈசூனில் அட்டையைத் தட்டினால்தான் வழி விடும். அங்கே தடுப்பே கிடையாது, படியிறங்கி நேராக ரயில் ஏறிவிடலாம். நான் அங்கே போன முதல் நாள் இலவசம் என்றே நினைத்துவிட்டேன். சாதாரண உடையில் பக்கத்தில் நிற்பவர் திடீரென்று பரிசோதகராகிவிடுவார். சீட்டு இல்லையென்றால் 60 யூரோ. ஊருக்குப் புதுசு என்றெல்லாம் சொல்லிப் பயனில்லை. இயந்திரத்தில் வாங்கும் சீட்டை நடைமேடைக்குப் போகுமுன் நீலப் பெட்டியில் செருகி முத்திரை குத்தவும் வேண்டும். குத்தாத சீட்டு பையில் இருந்தாலும் அபராதம்தான்.

இங்கிருந்து எதுவும் வாங்காதீர்கள். 'டாய்ச்லாண்ட் டிக்கெட்' என்ற மாதச்சீட்டு 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோ. மாணவர்களுக்குக் குறைந்த விலையில் கிடைக்குமா என்பதைச் சேர்ந்த பிறகு அவளே கேட்டுக்கொள்ளட்டும். மாதச்சீட்டை வைத்து நாடு முழுக்க நகரப் பேருந்து, டிராம், வட்டார ரயில் எல்லாவற்றிலும் போகலாம். வட்டார ரயிலில் எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் வரைகூடச் செல்லும். ஐசிஇ, ஐசி போன்ற தொலைதூர விரைவு ரயில்களில் செல்லாது. இது சந்தா, வேண்டாமென்றால் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதமும் பணம் போகும்.

அப்புறம், கதவு. நம்மூரில் ரயில் நின்றதும் தானே திறக்கும். அங்கே பொத்தானை அழுத்த வேண்டும், பழைய சுரங்க ரயில்களில் கைப்பிடியை இழுக்க வேண்டும். நான் மரியாதையாக நின்றுகொண்டே இருந்தேன். ரயில் போய்விட்டது.

சைக்கிள் வாங்கினால் விளக்கும் வாங்கச் சொல்லுங்கள். நடைபாதையை ஒட்டிய சைக்கிள் தடத்தில் அவள் நடக்கக் கூடாது. மணியடித்தால் வசவும் கூடவே வரும்.

இரவு நேரத்தை நினைத்துக் கவலை இருக்கும். நள்ளிரவுக்குப் பிறகும் இரவு டிராம், பேருந்து உண்டு, இடைவெளிதான் அதிகம். நூலகத்தில் உட்கார்ந்துவிட்டால் நேரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்.

நீங்கள் அவளைப் பார்க்கப் போவீர்கள் அல்லவா? அப்போது இது உதவும். விமான நிலையம் போகும் எஸ்1 புறநகர் ரயில் நோய்ஃபாரன் நிலையத்தில் இரண்டாகப் பிரியும். பின்பாதிதான் விமான நிலையத்துக்கு, முன்பாதி ஃப்ரைசிங் போகும். சாங்கியிலிருந்து வந்த என் அம்மாவை அழைக்கப் போன நான் முன்பெட்டியில் ஏறி ஃப்ரைசிங்கில் இறங்கினேன். பேருந்து பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அம்மா முறுக்கு டின்னின் மேல் உட்கார்ந்திருந்தார். "ரெண்டு வருஷமா இங்கதான இருக்க?" என்பதுதான் முதல் கேள்வி.