ஞாயிறு மாலை ஆனாலே படபடப்பு: மேலாளர்களின் கேள்விகளுக்கு மனநல மருத்துவர் பதில்

கேள்வி: வங்கிக் கிளை மேலாளர் நான், வயது 44. ஞாயிறு மாலை ஆனாலே நெஞ்சு படபடக்கிறது. திங்கட்கிழமை ரிவ்யூவை நினைத்தால் தூக்கமே இல்லை. ஈசிஜி, எக்கோ எல்லாம் நார்மல். எனக்கு என்னதான் பிரச்சினை?

தைராய்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிறகு யோசியுங்கள்: கடைசியாக லீவு போட்டுத் திருவிழாவுக்கு ஊருக்குப் போனீர்களே, அப்போது படபடப்பு இருந்ததா? மூன்றாம் நாளே அடங்கியிருந்தால் வேலைதான் உங்களைத் தின்கிறது. 'பர்ன் அவுட்' என்கிறோமே, அது. உலக சுகாதார நிறுவனம் அதை நோய் என்று சொல்லவில்லை. வேலையால் வரும் நிலை என்றே வகைப்படுத்தியிருக்கிறது. லீவிலும் அடங்காமல், பிடித்ததில்கூட நாட்டம் போய், பசியும் தூக்கமும் கெட்டு இரண்டு வாரம் தாண்டினால் விஷயம் வேறு. மனச்சோர்வோ பதற்ற நோயோ இருக்கலாம், சிகிச்சை உண்டு, நேரில் வாருங்கள்.

மண்டல அலுவலகத்தில் "முடியலை சார்" என்றால் காரியம் நடக்காது. டெபாசிட், வாராக்கடன் வசூல், இன்சூரன்ஸ் விற்பனை, கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) என எதற்கு வாரம் எத்தனை மணி நேரம் போகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். "இதில் எதை இந்த மாதம் தள்ளிவைக்கட்டும்?" என்று கேளுங்கள். வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35–40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து சுமார் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் கணக்கிட்டன. காலையில் யோகா வகுப்பு வைத்துவிட்டு இரவு ஒன்பதுக்கு ரிவ்யூ கால் போடும் நிர்வாகங்களை நினைத்தால் எனக்கே பிபி ஏறுகிறது.

கேள்வி: திருப்பூரில் புரொடக்‌ஷன் மேனேஜர். ஷிப்மென்ட் நெருங்கினால் டெய்லர்களிடம் எரிந்து விழுகிறேன். ராத்திரி ஒரு குவார்ட்டர் போட்டால்தான் தூக்கம்.

குவார்ட்டர் தூங்க வைக்கும். மூன்று மணிக்கு எழுப்பியும் விடும். அந்த அரைத் தூக்கத்தோடு காலையில் லைனில் நின்றால், ஒரு காலர் கோணலாகப் போனதற்கும் கத்தத்தான் தோன்றும். ஆனால் தினமும் குடிப்பவர் ஒரேயடியாக நிறுத்தினால் கைநடுக்கம், சிலருக்கு வலிப்புகூட வரலாம். மருத்துவரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள்.

கேள்வி: ஐடி டீம் லீட் நான். "வாழவே பிடிக்கலைக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று என் டீம் பையன் சொன்னான். சத்தியம் வாங்கிக்கொண்டான். என்ன செய்வது?

இந்தச் சத்தியத்தை மீறலாம், மீறத்தான் வேண்டும். "தற்கொலை எண்ணம் வருதாப்பா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். அவன் நம்பும் ஒருவரை வரவழையுங்கள், அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே 14416க்குக் கூப்பிடுங்கள். அது டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். ஆபத்து உடனடி என்றால் நேரே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அன்றிரவு உங்களுக்கும் தூக்கம் வராது. அதே எண்ணுக்கு நீங்களும் கூப்பிடலாம்.

கேள்வி: மனநல மருத்துவரைப் பார்த்தால் ஹெச்ஆருக்குத் தெரிந்துவிடுமா? ப்ரமோஷன் போய்விடுமே?

நீங்களாகப் போனால், உங்கள் சம்மதமில்லாமல் மருத்துவர் அலுவலகத்திடம் சொல்ல மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 இடம் தரவில்லை. உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். கம்பெனி ஏற்பாடு செய்த கவுன்சிலர் என்றால் மட்டும், உட்கார்ந்ததும் முதலில் கேட்டுவிடுங்கள்: "என் பெயர் போட்டு ஏதாவது ரிப்போர்ட் போகுமா?"