கார்போகரிசியை அரைத்து முகத்தில் பூசலாமா?

கேள்வி: கரும்புள்ளிக்காக ரெட்டினால் (வைட்டமின் ஏ வகைப் பூச்சு) போட்டேன், எரிச்சலும் தோல் உரிதலும் தாங்கவில்லை. பாகுச்சியால் சீரம் மென்மையானது என்கிறார்கள், ஆனால் விலை அதிகம். கார்போகரிசியிலிருந்துதானே அதை எடுக்கிறார்கள்? நாட்டு மருந்துக் கடையில் வாங்கி அரைத்து, தயிரில் குழைத்துப் பூசினால் என்ன?

பதில்: தயவுசெய்து பூசாதீர்கள். அந்த விதையில் பாகுச்சியாலோடு சோராலென் என்ற பொருளும் இருக்கிறது, வம்பு அதில்தான். சோராலென் தோலில் ஊறியபின் வெயிலில் உள்ள யூவி-ஏ கதிர் பட்டால் அது தோல் செல்லின் டிஎன்ஏவோடு பிணைந்து தோலைப் புண்ணாக்கும், நிறமியையும் தூண்டிவிடும். வெண்புள்ளிக்குச் சித்த மருத்துவத்தில் கார்போகரிசி கொடுப்பதும், தோல் மருத்துவர்கள் சோராலெனோடு யூவி-ஏ ஒளியை அளந்து கொடுப்பதும் நிறம் திரும்ப வரட்டும் என்றுதான். நிறம் வரவைக்கிற விதையைக் கரும்புள்ளி போகப் பூசினால் எப்படி?

இதில் இன்னொரு சிக்கல், பூசிய அன்று பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் கன்னம் நன்றாகச் சிவந்து எரியும், சிலருக்குக் கொப்புளம் போடும், ஆறியபின் அந்த இடம் மாதக்கணக்கில் கருத்துக் கிடக்கும், அதற்குள் பொடி பூசியதே மறந்துபோயிருக்கும். ஜன்னல் கண்ணாடி வழியாகவும் யூவி-ஏ வரும், அதனால் வெளியே போகவில்லையே என்று நினைக்க வேண்டாம்.

சரி, சீரம்? 2019இல் 44 பேரை வைத்து 12 வாரம் நடந்த ஓர் ஆய்வில் 0.5% பாகுச்சியால், அதே அளவு ரெட்டினாலுக்கு இணையாகவே சுருக்கத்தையும் கருமையையும் குறைத்தது, தோல் உரிதலும் எரிச்சலும் ரெட்டினால்காரர்களுக்குத்தான் அதிகம். சின்ன ஆய்வு, ஆனாலும் உங்களைப் போன்றவர்கள் முயன்று பார்க்கலாம். லேபிளில் பாகுச்சியால் என்றே இருக்க வேண்டும். பாப்சி ஆயில் (கார்போகரிசி எண்ணெய்தான்), விதைச் சாறு என்று இருந்தால் சோராலெனும் கூடவே வரலாம், வாங்காதீர்கள். பாகுச்சியாலும் அபூர்வமாகச் சிலருக்கு ஒவ்வாமை தரும் என்பதால் முதலில் முழங்கை மடிப்பில் சில நாள் தடவிப் பாருங்கள். பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம், அது இல்லாமல் எந்தச் சீரமும் கரும்புள்ளியைக் குறைக்காது. கர்ப்பமாக இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

அப்புறம், கடையில் வாங்கும் நலங்கு மாவிலும் சிலர் கார்போகரிசி சேர்க்கிறார்கள். கேட்டு வாங்குங்கள், குழந்தைக்கென்றால் அது இல்லாததாகவே வாங்குங்கள். ஏற்கெனவே பூசிவிட்டீர்கள் என்றால் உடனே நன்றாகக் கழுவிவிட்டு இரண்டு மூன்று நாள் முகத்தில் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கொப்புளம் வந்தால் உடைக்காமல் தோல் மருத்துவரிடம் போங்கள், என்ன பூசினீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.