பிரைவேட் என்று அறிவித்த பிறகும் உள்ளிருக்கும் பட்டியல் மாறுவது ஏன்?

ஜாவா நிரல்மொழியில் ஒரு வகுப்பின் (தரவையும் அதைக் கையாளும் செயல்களையும் ஒன்றாகக் கட்டும் நிரல் அலகின்) பட்டியலை பிரைவேட், அதாவது வகுப்புக்குள் மட்டும் பயன்படுவது, என்று அறிவித்த பிறகும் அது வெளியிலிருந்து மாறிவிடுகிறது, இதைத் தடுப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். பிரைவேட் காப்பது மாறியின் பெயரை மட்டுமே. அந்தப் பெயர் சுட்டும் பொருளை அது காப்பதில்லை. அதே பொருளை வேறோரிடத்தில் இன்னொரு பெயர் சுட்டத் தொடங்கினால், அங்கு செய்யப்படும் மாற்றம் உங்கள் வகுப்புக்குத் தெரியாமலே உள்ளே நடந்துவிடும்.

இதை நான் உணர்ந்தது கிளிநொச்சியில், இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகம் செய்யும் ஒரு கமக்காரர் அமைப்புக்குத் தண்ணீர் முறை நிரலொன்றை எழுதியபோதுதான். வாய்க்காலின் தலைமடையிலிருந்து கடைமடை வரை யாருக்கு எப்போது தண்ணீர் என்ற ஒழுங்கை ஒரு வகுப்பு வைத்திருந்தது. அச்சிடும் பகுதி கேட்டபோது அந்தப் பட்டியலையே எடுத்துக் கொடுத்திருந்தேன். அச்சிடும் பகுதி, வாசிக்க இலகுவாக இருக்கட்டும் என்று பெயர்களை அகரவரிசைப்படுத்தியது. மறுநாள் முறையில், 'அ'வில் தொடங்கும் பெயருடைய கடைமடைக் கமக்காரர் முதலாவதாக நின்றார். தண்ணீர் திறந்துவிடுபவர் தாளைப் பார்த்தவுடனேயே பிழையைச் சொல்லிவிட்டார். எனக்குத்தான் காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது, ஏனெனில் தனித்தனியே பார்த்தால் எந்த வரியிலும் பிழை இல்லை.

ஆகவே முதலில் தீர்மானிக்க வேண்டியது, பொருளின் உரிமையாளர் யார் என்பதே. காணி உறுதி ஒருவர் பெயரில் இருக்க இன்னொருவர் குத்தகைக்குச் செய்யும்போது யாருக்கு என்ன உரிமை என்பது நமக்குத் தெளிவாகத் தெரியும்; வகுப்பின் ஒவ்வொரு மெதட்டிலும் (செயற்கூற்றிலும்) அந்தத் தெளிவு வேண்டும். வெளியே கொடுப்பதானால் கொப்பியைக் கொடுங்கள். பொருளை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டருக்குள் வரும் பட்டியலையும் கொப்பி செய்தே வையுங்கள். பலர் மறப்பது இந்த வாசலைத்தான். பட்டியலைக் கொப்பி செய்தாலும் அதன் உறுப்புகள் பழைய பொருள்களாகவே இருக்கும் என்பதால், உறுப்புகள் மாறக்கூடியவையானால் சிக்கல் தீராது. ஒரு பட்டியலைச் சுற்றி ஜாவா தரும் அன்மொடிஃபையபிள் லிஸ்ட் என்ற வாசிப்பு உறையும் ஒரு சாளரம் மட்டுமே: அதன் வழியாக மாற்ற முடியாது, ஆனால் மூலப் பட்டியல் மாறினால் அதுவும் மாறும்.

இது தொடக்கநிலையாளரின் தவறு மட்டுமன்று. ஜாவா 1.1.1இலேயே, ஒரு வகுப்புக்கு மின்னணுக் கையொப்பமிட்டவர்களின் உள் பட்டியலைக் கொப்பி செய்யாமல் வெளியே கொடுத்ததால் பாதுகாப்பு ஓட்டை ஏற்பட்டது. உரிமையைத் தரவுவகை முறைக்குள்ளேயே எழுதி, கம்பைலர் (நிரலை இயங்கும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்) சரிபார்க்கும் ஆய்வுகள் 1998இல் வெளிவந்தன. 2015இல் முதல் நிலையான பதிப்பைக் கண்ட ரஸ்ட் நிரல்மொழியில், ஒரு மதிப்பைப் பலர் வாசிக்கலாம் அல்லது ஒருவர் மட்டும் மாற்றலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் கம்பைலர் அனுமதிப்பதில்லை.

ஜாவாவில் அந்தக் காவல் இல்லாததால், மாறத் தேவையற்ற பொருளை மாற்ற முடியாததாகவே படைப்பது சிறந்தது என்பது என் முடிவு. எனது நிரலில் ஒவ்வொரு முறைப் பதிவும் இப்போது ரெக்கோர்ட், அதாவது உருவாக்கிய பின் புலங்களை மாற்றியமைக்க முடியாத ஜாவா வகுப்பு. அச்சிடும் பகுதி தனக்கென ஒரு கொப்பியைப் பெற்று, விரும்பிய வரிசையில் அடுக்கிக்கொள்கிறது.