பாலக்காட்டு எல்லையில் நிலமில்லாத பெண்கள் குழுவாகப் பயிரிட்டால் உணவு இறையாண்மை கிடைக்குமா?

உணவு இறையாண்மை என்பது எதை, எப்படி விளைவித்து உண்பது என்பதை மக்களே தீர்மானிக்கும் உரிமை. கிடைக்கும், நிலம் கையில் நிலைத்தால். 1998-இல் கேரளம் தொடங்கிய குடும்பஸ்ரீ என்ற பெண்கள்வழி வறுமை ஒழிப்புத் திட்டத்தில் 4 முதல் 10 பெண்கள் கூட்டுப் பொறுப்புக் குழுவாகச் சேர்ந்து, தரிசு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, வங்கிக் கடனுக்கு அனைவரும் பொறுப்பேற்று, நெல்லும் காய்கறியும் விளைவித்து, வீட்டுக்குப் போக மிஞ்சியதை விற்கிறார்கள். பாலக்காட்டு மலைப்பகுதியான அட்டப்பாடியின் இருளர் பழங்குடிப் பெண்கள் ராகி, சாமை, துவரையைக் கலந்து விதைப்பதை நான் மிகவும் மதிக்கிறேன். ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுக்கும், துவரை மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும், எடுத்துவைத்த விதை இருக்கும்வரை விதைக்கடையை நம்பியிருக்க வேண்டியதில்லை. சிக்கல் குத்தகையில்தான். 1970-இல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தம் குத்தகை முறையையே ஒழித்துவிட்டதால் குடும்பஸ்ரீ குழுக்களின் ஒப்பந்தம் பெரும்பாலும் வாய்மொழியாகவே நிற்கிறது. பண்படுத்திய நிலத்தை உரிமையாளர் திருப்பிக் கேட்டால், பெண்கள் ஏற்றிய வளம் முழுவதும் அவருக்கே போகும்.