இசை கேள்வி–பதில்: டென்டன் ஊரின் ஜாஸ்

கேள்வி: ஜாஸ் பற்றிப் பேசினால் நியூ ஆர்லியன்ஸ், நியூயார்க் என்பார்கள். டெக்சாஸின் டென்டன் என்ற கல்லூரி ஊரும் ஏன் அடிபடுகிறது? (திருச்சி வாசகி)

பதில்: ஜாஸுக்கென்று முதல் கல்லூரிப் பட்டப்படிப்பு பிறந்த ஊர் அது. டல்லாஸுக்கு வடக்கே ஏறக்குறைய 60 கி.மீ. இந்தப் படிப்பைத் தொடங்கிய ஜீன் ஹால் 1944-ல் எழுதிய முதுகலை ஆய்வேட்டின் பொருளே இதற்கான பாடத்திட்டம்தான். இன்றைய வடக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1947-ல் வகுப்பு தொடங்கியது. 'ஜாஸ்' என்ற சொல்லுக்கு அன்று கல்விக்கூடங்களில் மதிப்பில்லை. அதனால் படிப்புக்கு 'நடன இசைக்குழு' என்று பெயர் வைத்தார்கள்.

பட்டப்படிப்பு வரும் முன்பே அங்கே நல்ல வாத்தியக்காரர்கள் சேர்ந்திருந்தார்கள். பின்னாளில் புகழ்பெற்ற சாக்ஸபோன், கிளாரினெட் கலைஞர் ஜிம்மி ஜூஃப்ரியும் கிட்டார் கலைஞர் ஹெர்ப் எல்லிஸும் அங்கே படித்தவர்கள். கிட்டாருக்குப் படிப்பு இல்லாததால் எல்லிஸ் டபுள் பேஸ் (வயலின் குடும்பத்தின் மிகப் பெரிய வாத்தியம்) எடுத்தார். பின்னாளில் உலகம் அவரை அறிந்தது கிட்டாரால்தான்!

ஒன்றை மறைக்கக்கூடாது. கறுப்பின மக்கள் உருவாக்கிய இசைக்குப் பட்டம் தந்த அந்தக் கல்லூரி, 1955-ல் நீதிமன்றம் தலையிடும்வரை கறுப்பின மாணவர்களை இளநிலைப் படிப்பில் சேர்க்கவில்லை. சாக்ஸபோன் கலைஞர் பில்லி ஹார்ப்பர் அங்கே படித்தது 1960-களில்.

கேள்வி: 'ஒரு மணி பேண்ட்' என்பது என்ன பெயர்? (மதுரை வாசகர்)

பதில்: அது டென்டன் பல்கலைக்கழகத்தின் முதன்மை ஜாஸ் குழு. ஒத்திகை நேரம்தான் பெயர். பகல் 1 மணிக்கு முதன்மைக் குழு, 2 மணிக்கு அடுத்தது, இப்படியே போகும். எந்தக் குழு என்பதைத் தேர்வு வைத்து முடிவு செய்வார்கள். முன்பின் பார்க்காத நோட்ஸைக் கண்டவுடன் வாசிக்கும் திறமைக்கு அதில் பெரிய இடம் உண்டு. லியான் பிரீடன் இந்த ஜாஸ் படிப்பை 1959 முதல் 1981 வரை நடத்திய காலத்தில், 1967-ல், ஒரு மணி பேண்ட் மாணவர்கள் வெள்ளை மாளிகையில் வாசித்தார்கள். சிதார் கலைஞர் ரவிசங்கரின் மகளும் பாடகியுமான நோரா ஜோன்ஸ் ஜாஸ் பியானோ படித்ததும் இந்தப் பல்கலைக்கழகத்தில்தான்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் பிக் பேண்ட் தொடங்க எத்தனை பேர் வேண்டும்? (கோவை மாணவர்)

பதில்: பிக் பேண்ட் என்னும் பெரிய ஜாஸ் குழுவுக்கு வழக்கமாக 17 பேர். சாக்ஸபோன் 5 (உயர்ந்த சுரத்திலிருந்து தாழ்ந்த சுரம் வரை: ஆல்டோ 2, டெனர் 2, பாரிடோன் 1), டிரம்பெட் 4, டிராம்போன் 4. பியானோ, கிட்டார், பேஸ், டிரம்ஸ் தலா 1. முன்வரிசையில் சாக்ஸ், நடுவே டிராம்போன், பின்னால் டிரம்பெட். முதல் ஆல்டோ, முதல் டிராம்போன், முதல் டிரம்பெட் மூவரும் ஒரே நேர்கோட்டில் உட்கார வேண்டும்; டிரம்பெட் எப்படி இழுக்கிறதோ அப்படியே மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். பேஸும் டிரம்ஸும் அருகருகே இல்லையென்றால் தாளம் நழுவும். புதுக் குழுக்கள் சறுக்குவது சத்தத்தில்: டிரம்ஸ் ஓங்கி அடிக்க, டிரம்பெட்காரர் அதை மீறி ஊத, அரைமணியில் உதடு சோர்ந்து மேல்சுரங்கள் உடையும். ஆகவே முதல் சில வாரங்கள் ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியே, மெல்லிய ஒலியில் வாசிக்க வையுங்கள். டிரம்ஸ்காரரைக் கடைசியில் கூப்பிடுங்கள்.