கேளுங்கள், சொல்கிறேன்: முடியை நேராக்கலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு 25 வயது. தை மாதம் கல்யாணம். சுருட்டை முடி. பெண் பார்க்க வந்த அன்றே, ‘முடியை நேராக்கிக்கொண்டால் இன்னும் லட்சணமாக இருக்கும்’ என்று மாப்பிள்ளையின் அத்தை சொல்லிவிட்டார். பக்கத்துப் பார்லரில் 6,000 ரூபாய்க்கு நிரந்தரமாக நேராக்கித் தருகிறார்களாம். இளநரைக்காக இரண்டு வருடமாகக் கறுப்பு மருதாணிப் பொடி போடுகிறேன். செய்துகொள்ளலாமா?
- பெயர் வேண்டாம், கோவில்பட்டி

பதில்: வேண்டாம் அம்மா. அந்த மருதாணிப் பொடியைப் பற்றி நீ எழுதியிருக்காவிட்டால் கொஞ்சம் யோசித்துப் பதில் சொல்லியிருப்பேன். அதைப் படித்த பிறகு யோசிக்க ஒன்றும் இல்லை.

22 வருடம் பார்லர் நடத்தியவள் நான். 2009-ல் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு பெண் ரீபாண்டிங், அதாவது நீ கேட்கிற இந்த நிரந்தர நேராக்கல், செய்ய வந்தாள். ‘டை ஏதாவது போடுவியாம்மா?’ என்று கேட்டேன். ‘டை எல்லாம் இல்லைக்கா, வெறும் மருதாணிதான்’ என்றாள். நான் பாக்கெட்டைக் காட்டச் சொல்லவில்லை. க்ரீம் தடவி இருபது நிமிடம் கழித்து, ஈரமாக இருந்த ஒரு முடியை விரலில் சுற்றி இழுத்துப் பார்த்தேன். ரப்பர் மாதிரி நீண்டது, திரும்பச் சுருங்கவில்லை, குழைந்த சேமியா போல அறுந்து கையில் வந்துவிட்டது. உடனே தலையை அலசினேன். அதற்குள் காதுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு முடி ஒடிந்துவிட்டது. அவள் அம்மா அழுதது இன்றும் கண்ணில் நிற்கிறது.

ஏன் அப்படி ஆகிறது என்று சொல்கிறேன். முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதன் இழைகளைக் கந்தகக் கட்டுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பிடித்து வைத்திருக்கின்றன. சுருட்டை குலையாமல் நிற்பது அந்தப் பிடியால்தான். ரீபாண்டிங் க்ரீமில் இருக்கும் அமோனியம் தயோகிளைகோலேட் அந்தக் கட்டுகளை அவிழ்க்கிறது. அப்புறம் சூடான அயர்னால் இழுத்து நேராக்குகிறோம். கடைசியில் தடவும் நியூட்ரலைசர் என்ற மருந்தில் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு, நேரான நிலையிலேயே கட்டுகளை மறுபடி போடுகிறது. ஆனால் அவிழ்ந்த கட்டு எல்லாம் திரும்ப விழுவதில்லை, அதனால் நல்ல முடியே கொஞ்சம் பலம் இழக்கும். கறுப்பு மருதாணி என்று விற்கும் பொடிகள் பலவற்றில் இலையோடு ரசாயனச் சாயமும் கலந்திருக்கும். அதில் ஏற்கெனவே பலம் இழந்த முடி, க்ரீம் பட்டதும் தாங்காமல் அறுந்துவிடும். சிலவற்றில் உலோக உப்பும் உண்டு. அது பெராக்சைடோடு சேர்ந்தால் முடி சூடேறி வெந்து போகும்.

‘நிரந்தரம்’ என்ற சொல்லையும் நம்பாதே. நேராவது வெளியே வந்துவிட்ட முடி மட்டும்தான். வேரிலிருந்து மாதம் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சுருட்டை வளர்ந்துகொண்டே இருக்கும். சித்திரை பிறக்கும்போது உன் வகிடு ஓரம் நெளிநெளியாகவும் கீழே குச்சி மாதிரியும் இருக்கும். அத்தை அப்போதும் ஏதாவது சொல்வார்.

‘அப்படியானால் கெரட்டின் ட்ரீட்மென்ட் செய்யலாம், அதில் ஃபார்மலின் கிடையாது’ என்று பார்லரில் சொல்லக்கூடும். அதுவும் க்ரீம் தடவி அயர்ன் போட்டு முடியை நேராக்கும் இன்னொரு முறைதான். ஃபார்மலின் என்ற கெட்ட ரசாயனம் சிலவற்றில் இருக்கும் என்பதால் அப்படிச் சொல்வார்கள். பாட்டிலைத் திருப்பி ‘கிளையாக்சிலிக் ஆசிட்’ என்று போட்டிருக்கிறதா என்று பார். பிரான்ஸ் நாட்டு மருத்துவர்கள் 2024-ல் ஒரு 26 வயதுப் பெண்ணைப் பற்றி எழுதினார்கள். 2020, 2021, 2022 என்று மூன்று முறை முடியை நேராக்கிக்கொண்டாள். மூன்று முறையும் வாந்தி, காய்ச்சல், முதுகுவலி வந்து சிறுநீரகம் பழுதானது. க்ரீமில் இருந்தது இந்த அமிலம். அதை எலிகளின் தோலில் தடவிப் பார்த்தபோது, அவற்றின் சிறுநீரகத்தில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் சேர்ந்தன. இதைப் படித்த அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. எத்தனை தலைகளில் என்னென்ன தடவியிருக்கிறேனோ என்ற நினைப்புதான்.

முகூர்த்தத்துக்கு எப்படியும் சடை பின்னி, பூ வைத்து, ஜடை அலங்காரம் செய்யப்போகிறார்கள். சுருட்டை முடியில் பூ வழுக்காமல் நிற்கும், சடை தடிமனாகத் தெரியும். வரவேற்பு அன்று மட்டும் நேராக விட ஆசை இருந்தால், சூட்டிலிருந்து முடியைக் காக்கும் ஹீட் ப்ரொடெக்டர் தடவி அயர்ன் போட்டுக்கொள். தலைக்குக் குளித்ததும் பழையபடி ஆகிவிடும்.

கேள்வி: பார்லரில் வேலை பார்க்கிறேன். கெரட்டின் போடும்போது கண் எரிகிறது, தொண்டை கரகரக்கிறது. ஏசி போட்டுக் கதவை மூடிவிடுகிறார்கள். மாஸ்க் போட்டால் போதுமா?
- ஒரு வாசகி, சேலம்

பதில்: போதாது. துணி மாஸ்க்கும் ஆஸ்பத்திரி மாஸ்க்கும் தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. உங்கள் கண்ணை எரிப்பது பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு. 2018-ல் சென்னையில் மீனில் இருக்கிறது என்று பரபரப்பானதே ஃபார்மலின், அதே பொருள்தான். பாட்டிலில் ‘மெத்திலீன் கிளைகால்’ என்று எழுதியிருந்தாலும் அயர்ன் பட்டதும் இதுதான் ஆவியாக வரும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-லேயே இதை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. பிரேசிலில் 2009 முதல் முடி நேராக்க இதைப் பயன்படுத்தத் தடை.

வாடிக்கையாளர் வருடத்துக்கு ஒரு தடவை வந்து போகிறவர். நீங்கள் ஒரு நாளில் மூன்று பேருக்குப் போடுகிறீர்கள். என்னிடம் வேலை பார்த்த பெண்களுக்கும் இருமல் வந்தது. ‘சளி பிடித்திருக்கும், கஷாயம் குடி’ என்று சொல்லி அனுப்பினேன். அது என் தப்பு. ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள், எக்ஸாஸ்ட் ஃபேன் கேளுங்கள். அந்த வேலைக்கு வாசல் ஓரத்து நாற்காலியை ஒதுக்கச் சொல்லுங்கள். இருமல் விடவில்லை என்றால் பாட்டில் லேபிளைப் போட்டோ எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். முதலாளியம்மா இந்தப் பக்கத்தைப் படித்தால் இன்னும் நல்லது.

கேள்வி: முடியை நேராக்கினால் கர்ப்பப்பைப் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா? நான் ஒரே ஒரு முறை செய்திருக்கிறேன்.
- ஒரு வாசகி, திருவாரூர்

பதில்: பயப்படாதீர்கள். அந்தச் செய்திக்கு அடிப்படை 2022-ல் வெளியான அமெரிக்க ஆய்வு. 33,497 பெண்களை ஏறக்குறைய 11 வருடம் கவனித்தார்கள். அடிக்கடி, அதாவது ஒரே வருடத்தில் நான்கு முறைக்கு மேல், முடியை நேராக்கியவர்களில் 70 வயதுக்குள் கர்ப்பப்பைப் புற்றுநோய் வர வாய்ப்பு 4.05 சதவீதம். செய்யாதவர்களுக்கு 1.64 சதவீதம். அந்த மருந்துதான் காரணம் என்று இதை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனாலும் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம், சாதாரணமாக விடக்கூடியது இல்லை. ஒரு தடவை செய்ததற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். வேரில் சுருட்டை தெரிகிறதே என்று ‘டச்-அப்’புக்குக் கூப்பிடுவார்கள், போகாதீர்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நுனியை வெட்டிக்கொண்டே வாருங்கள். ஒன்றரை, இரண்டு வருடத்தில் தோள் வரை உங்கள் சொந்த முடி வந்துவிடும்.