கைபேசியைப் பிடுங்கினால் தூக்கம் வருமா?

கே: என் கணவருக்கு 44 வயது. எட்டரைக்குக் கடை அடைத்து வந்து, சாப்பிட்டுவிட்டுப் படுக்கையில் ரீல்ஸ் பார்க்க ஆரம்பித்தால் மணி ஒன்றரை ஆகிவிடுகிறது. காலையில் சிடுசிடுப்பு. இரண்டு முறை ஆப்பை நீக்கினார். நான்காம் நாளே திரும்ப ஏற்றிவிட்டார். இது போதை நோயா? (ஈரோடு வாசகி)

ப: அந்த முத்திரையை இப்போதே குத்த வேண்டாம். 2022 முதல் நடப்பில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் வீடியோ கேம் கோளாறும் சூதாட்டக் கோளாறும் உண்டு; ரீல்ஸுக்குத் தனிப் பெயர் இல்லை. அவற்றுக்கும் மணிக்கணக்கு அளவுகோல் அல்ல. நிறுத்த முடியாமை, மற்றதெல்லாம் பின்னுக்குப் போவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது இவை பொதுவாக 12 மாதம் நீடித்தனவா என்றே பார்ப்பார்கள்.

ஃபோனால் தூக்கம் கெட்டதா, தூக்கம் வராமல் ஃபோனை எடுக்கிறாரா? ஒரு வாரம் படுத்த நேரம், ஃபோனை வைத்த நேரம், எழுந்த நேரம், அன்றைய கவலை நான்கையும் நோட்டில் அவரே குறிக்கட்டும். நீங்கள் குறித்தால் வேவு பார்ப்பதாகிவிடும். கடன்காரர் வந்துபோன நாட்களில் மட்டும் நேரம் நீள்கிறதென்றால், சிகிச்சை தேவைப்படுவது ஃபோனுக்கு அல்ல.

ஆப்பை நீக்கியும் பலிக்காததற்குக் காரணம், பழக்கத்தைக் கிளப்பிவிடுவது படுக்கையும் தலைமாட்டில் இருக்கும் சார்ஜரும்தான். சார்ஜரை ஹாலுக்கு மாற்றுங்கள். ‘அலாரத்துக்கு வேண்டுமே’ என்பார். ஓர் அலாரம் கடிகாரம் வாங்கி வையுங்கள். ஆன்ட்ராய்டு ஃபோனின் செட்டிங்ஸில், டிஜிட்டல் வெல்பீயிங் என்ற பகுதியில் ஆப்புக்கு நேர வரம்பு வைக்கும் ஆப் டைமர் இருக்கிறது. ஆனால் வைத்தவரே அதை எடுத்துவிடலாம் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. ஃபோனை வைக்கும் நேரத்தை ஒன்றரையிலிருந்து ஒரேயடியாகப் பத்து மணிக்கு இறக்க வேண்டாம். வாரத்துக்கு அரை மணி நேரம் குறைத்தால் போதும். படுத்து ஏறக்குறைய 20 நிமிடமாகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்து, கண் சொக்கும்போது திரும்பட்டும். எழும் நேரம் மட்டும் ஞாயிற்றுக்கிழமையும் மாறக் கூடாது.

முதல் சில நாள் எரிச்சல் கூடலாம். நான்காம் நாள் ஆப் திரும்பி வந்ததில் ஆச்சரியமில்லை. அப்போது ஃபோனைப் பிடுங்காதீர்கள், ஒளித்துப் பார்க்கத் தொடங்குவார். நாளெல்லாம் வாடிக்கையாளருக்கு முகம் கொடுத்தவருக்கு அதுதான் சொந்த நேரம். கடையிலிருந்து வந்ததும் அரை மணி நேரம் யாரும் எதுவும் கேட்காமல் விட்டுப்பாருங்கள்.

பலத்த குறட்டை, பகலில் தூங்கி வழிவது இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிடுசிடுப்புக்கு அதுவும் காரணமாகலாம். இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழவே பிடிக்கவில்லை என்கிற பேச்சு வந்தால் காத்திருக்காதீர்கள்: அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி-மானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம்.

கே: திரையைக் கறுப்பு வெள்ளையாக்கினால் பார்ப்பது குறையுமா?

ப: சிலருக்குக் கொஞ்சம் குறையும். செலவில்லை, முயலுங்கள். ஆனால் விரலைத் தள்ள வைப்பதில் நிறத்தைவிட, அடுத்து என்ன வரும் என்று தெரியாததற்கே பங்கு அதிகம்.